கடைசி வரிசையில் சரோஜா அக்கா

ஆனி மாதத்து மதியம். கடையில் ஒரு மின்விசிறி மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றிக்கொண்டிருந்தேன். எங்கள் நாடகக் குழுவில் ஆர்மோனியம் வாசிக்கும் செல்வம் போனில் அழைத்தார். "பாய், சரோஜா அக்கா போயிட்டாங்க" என்றார். எத்தனை சுற்று சுற்றியிருந்தேன் என்பது மறந்துபோயிற்று. முழுவதையும் பிரித்துப் போட்டுவிட்டு அந்தச் செம்புக் கம்பியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அக்கா வெண்ணாற்றங்கரையில் நெல் வியாபாரம் செய்தவர். எங்கள் ஆறு பேர் குழு நாடகம் போட இடம் தேடி அலைந்தபோது, தஞ்சாவூர்க் கல்யாண மண்டபங்களில் எங்களை ஏற இறங்கப் பார்த்தார்கள். அக்காதான், "குடோன் சும்மாத்தானே கெடக்கு, வந்து நடிங்க" என்றார்.

நான் அதிராம்பட்டினத்திலிருந்து பிழைக்க வந்து கடை வைத்தவன். பகலெல்லாம் மோட்டாரும் மிக்சியும்தான். மேடை ஏறினால்தான் நானும் ஒரு ஆள் என்று எனக்குத் தோன்றும்.

முதல் நாடகத்தைப் புரட்டாசியில் போட்டோம். கிடங்கு சரக்கில்லாமல் காலியாக இருந்தது. இறந்த மகனை மடியில் போட்டு அழும் தகப்பன் வேஷம் எனக்கு. "மகனே" என்றேன். நான்கு சுவரும் "மகனே, மகனே" என்றன. "மொத்தம் எத்தனை புள்ளைங்க பாய்?" என்று முன்வரிசையில் ஒருவர் கேட்டார். கிடங்கே சிரித்தது.

எனக்கு முன்கோபம் அதிகம். வேஷத்தைக்கூடக் கலைக்காமல், இனிமேல் நடிக்கவே மாட்டேன் என்று கத்தினேன். பாழாய்ப்போன சுவர் அதையும் திருப்பிச் சொன்னது. அக்கா நிதானமாக வந்தார்.

"தப்பு உங்க மேல இல்ல பாய். மூட்டை இல்ல, அதான். நெல்லு அடுக்கியிருக்கறப்ப இங்க நின்னு போன் பேசுவேன், அவ்வளவு சுத்தமா கேக்கும். தை கடைசில வாங்க. அதுவரைக்கும் கோவத்தப் பத்திரமா வச்சுக்கங்க."

தையில் போனோம். சம்பா அறுவடை முடிந்து மூன்று பக்கமும் சாக்கு மூட்டைகள். சாய்ந்த வெயிலில் நெல் தூசி மிதந்துகொண்டிருந்தது. புது நெல்லின் வாசத்தில் எல்லோருக்குமே லேசாகக் கண் சொருகியது. இப்போது நினைத்தால் கனவில் கண்டது போலத்தான் இருக்கிறது. மெல்ல "மகனே" என்றேன். அந்தச் சொல் ஒரே ஒரு முறை போய் மூட்டைகளின் மேல் படுத்துக்கொண்டது. கடைசி வரிசையில் இருந்த அக்கா வலது கையை உயர்த்தி இறக்கினார். கேட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகு எந்த நாடகத்திலும் அந்தக் கை உயர்ந்த பிறகுதான் நாங்கள் இரண்டாவது வசனத்துக்குப் போவோம்.

இப்படி வருஷாவருஷம் அறுவடையைப் பார்த்தே நாடகம் போட்டோம். ஒரு தையில் மழை கொட்டியது. கதிர் சாய்ந்து வயலிலேயே முளைத்துவிட்டது. கிடங்குக்கு ஒரு மூட்டைகூட வரவில்லை. நாடகத்தை நிறுத்திவிடலாம் என்றேன்.

"நெல்லு வரலன்னா ஆளுங்க வரட்டும் பாய். மனுஷ உடம்பும் சத்தத்த வாங்கிக்கும்."

"வெள்ளாமை போனவங்களையா நாடகத்துக்குக் கூப்புடுவீங்க? திட்டுவாங்க அக்கா."

"திட்டட்டுமே. வீட்டுல உக்காந்து எவ்வளவு நேரந்தான் மோட்டுவளையையே பாப்பாங்க?"

மொபெட்டை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார். அவருக்கும் அந்த வருஷம் வியாபாரம் படுத்திருந்தது. அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நாடகத்தன்று சேறு காயாத கால்களோடு ஜனங்கள் வந்து நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். "மகனே" என்றேன். ஒரே முறைதான் கேட்டது. யாரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் ஒருவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். பிறகு கிடங்கு முழுக்க அழுதது. எதற்காக அழுதார்கள் என்று நான் கேட்கவில்லை. என் ஆயுளில் நான் சரியாக நடித்தது அன்றைக்குத்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை அதே கிடங்கில் அஞ்சலிக் கூட்டம். குறுவை நடவு நேரம், ஒரு மூட்டை கிடையாது. பேச எழுந்தபோது எனக்குப் பயமாக இருந்தது. அக்காவின் பெயரை அந்தச் சுவர்கள் திருப்பித் திருப்பிச் சொன்னால் என்னால் தாங்க முடியாது.

"சரோஜா அக்கா" என்றேன்.

ஒரே முறைதான் கேட்டது. நிமிர்ந்து பார்த்தேன். நடவைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்தவர்கள் வாசல் வரை நின்றிருந்தார்கள். கடைசி வரிசையில், அன்றைக்குத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதவர், வலது கையை உயர்த்தி இறக்கினார்.

கேட்டுவிட்டது அக்கா. போய் வாருங்கள். நான் இரண்டாவது வசனத்துக்குப் போகிறேன்.