சூசை பக்கம், என் பக்கம்

நனைந்த புகையிலையும் உப்பும் கலந்த ஒரு வாசனை... அட்டைக் கடிக்கு அதைத் துணியில் முடிந்து காலில் கட்டிக்கொள்வோம். காப்பிப் பூ வாசனையைப் பற்றித்தான் எல்லாரும் எழுதுகிறார்கள். எனக்கு ஏற்காடு என்றால் இந்தப் புகையிலை வாசனைதான்.

நானும் சூசையும் வாழவந்தி பக்கம் ஒரு எஸ்டேட்டில் வாச்சர்கள். தினமும் காலையில் எல்லையைச் சுற்றி வரவேண்டும். வேலி சாய்ந்திருக்கிறதா, காட்டெருமை உள்ளே இறங்கியிருக்கிறதா என்று பார்த்து, எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டரிடம் சொல்லவேண்டும்.

காப்பிக் களத்தில் கிளம்பினால் களத்துக்கே வந்து சேரும் வட்டப் பாதை. ஒரு பக்கம் நெட்டுக்குத்தான மேடு. மறுபக்கம் காடும் இரண்டு ஓடைப் பள்ளங்களும், மெதுவான சரிவு.

காலில் தெம்பு இருக்கும்போதே மேட்டை ஏறிவிட்டு, ஓடை வழியாக நிதானமாக இறங்கவேண்டும் என்பது என் கட்சி. சூசை நேர் எதிர். ஓடை வழியாக மெல்ல ஏறி, மேட்டில் மளமளவென்று இறங்கிவிடலாம் என்பான்.

"எறக்கம் முட்டியத் தின்னுடும்டா."

"ஏத்தம் மூச்சத் தின்னுடுமுங்க." கோபம் வந்தால்தான் எனக்கு அவன் 'ங்க' போடுவான்.

"ரெண்டு பேரும் ஒண்ணாப் போங்கப்பா, எருமை நிக்குது" என்று ரைட்டர் சொல்லிப் பார்த்தார். மூன்று நாள் ஒன்றாகப் போனோம். மூன்று நாளும் களத்திலேயே அரை மணி நேரம் சண்டை. நாலாம் நாள் அவன் அவன் பக்கம் போனான், நான் என் பக்கம் போனேன்.

அப்படியே பதினெட்டு வருஷம்.

மேல் ஓடையில் ஒரு தட்டைப் பாறை உண்டு. எதிரெதிரே வந்து அங்கே சந்திப்போம். முதலில் வந்தவன் காத்திருக்கவேண்டும். பெரும்பாலும் நான்தான் காத்திருப்பேன். தூக்குப் போசியை மாற்றிக்கொள்வோம். என் வீட்டுச் சாமைச் சோறும் அவரைக் குழம்பும் அவனுக்கு, அவன் வீட்டு எலுமிச்சைச் சோறு எனக்கு. அவன் சிலுவை போட்டு முடிப்பதற்குள் நான் பாதி தின்றிருப்பேன்.

"உங்கூட்டு அவரைக்காயிக்குத்தான் இத்தன தூரம் நடக்கறேன். மத்தபடி எருமை எங்க போனா எனக்கென்ன" என்பான்.

ஒரு ஐப்பசி மழையில் பாறைக்குப் போனேன். அவன் இல்லை. மழைக்குப் பயந்து களத்திலேயே குந்திவிட்டான் என்று முதலில் கோபம்தான் வந்தது. போசியைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். பனி மூடியது. ஓடைத் தண்ணீர் சிவந்து, ஏறிக்கொண்டே வந்தது...

வந்த வழியே திரும்பினால் ஓடையைத் தாண்டவேண்டியதில்லை. ஆனால் சூசை வரவேண்டியது எதிர்ப்பக்கமிருந்து. கம்பை ஊன்றித் தாண்டினேன்.

கீழ் ஓடையில் இருந்தான். பாசியில் வழுக்கிக் கணுக்கால் பிசகி, இடுப்பளவு தண்ணீரில் ஒரு வேரைப் பிடித்தபடி. உதடு நீலம் பாரித்திருந்தது.

"நீ வருவேன்னு தெரியும்டா. உனக்குத்தான் பாதைய மாத்தத் தெரியாதே."

தோளில் சாய்த்து இறக்கிக்கொண்டு வந்தேன். ஓடை வழியாக இறங்குவது என் வழக்கம்; அந்த ஒரு நாள்தான் அவன் என் பக்கமாக நடந்தது. களம் கண்ணில் பட்டதும் நின்றுவிட்டான்.

"நான் உம்பக்கமா நடந்து வந்தேன்னு எவங்கிட்டயும் சொல்லிப்போடாதே."

"சொல்லல சாமி, நட."

களத்தோரம் விழுந்துவிட்டான் என்று ரைட்டரிடம் பொய் சொன்னேன். இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

இப்போது சூசை சேலத்தில் மகள் வீட்டில் இருக்கிறான். இரண்டு முட்டியும் போய்விட்டன. நான் அப்போதே சொன்னேன், கேட்டானா?

எங்கள் பாதையை டிரெக்கிங் பாதை ஆக்கி போர்டு வைத்திருக்கிறார்கள். ஏதோ இவர்கள் கண்டுபிடித்த மாதிரி. அதிலும் அம்புக்குறி சூசை பக்கம் காட்டுகிறது! போர்டு வைத்தவரை ஒண்டிக்கடை ரவுண்டானாவில் பிடித்துக் கேட்டேன். "கடைசில எறக்கம் வந்தாத்தான் டூரிஸ்டுக்கு ஜாலிங்கய்யா" என்றார். அவர்கள் முட்டி, அவர்கள் பாடு.

போன வாரம் தனியாகப் போனேன். மேட்டடியில் நின்றேன். என் பக்கமாக ஏறினால் பாறையில் எனக்கு எதிரே யார் வரப்போகிறார்கள்...

திரும்பி, ஓடைப் பக்கம் நடந்தேன்.

ஒரு வளைவு தாண்டியதும் தட்டைப் பாறை முழுசாகத் தெரிந்தது. என் பக்கமிருந்து வந்தால் அப்படித் தெரியாது. அவன் ஓடைச் சத்தத்தைத் தாண்டிக் கிட்டே வந்த பிறகுதான் எனக்குத் தெரிவான். நான் போசியோடு காத்துக்கிடப்பதை அவன் அத்தனை வருஷமும் இவ்வளவு தூரத்திலிருந்தே பார்த்துக்கொண்டு வந்திருக்கிறான். ஒரு நாளும் சொன்னதில்லை.

அன்று அங்கே எருமைகள்தான். இன்று போனில் மூன்று கோடு சிக்னல். பாறையில் உட்கார்ந்து போன் போட்டேன்.

"எங்கடா இருக்கே? தண்ணி சத்தம் கேக்குது."

"பாறைல."

"எந்தப் பக்கமா வந்தீங்க?"

"எம்பக்கமாத்தான். பின்னே?"

"உன்னையெல்லாம் திருத்தவே முடியாதுடா." நொம்ப நேரம் சிரித்தான்.

மேட்டில் இறங்கும்போது எனக்கும் முட்டி வலித்தது. ஆக, நான் சொன்னதுதான் சரி.

அவன் ரகசியத்தை இங்கே உடைத்துவிட்டேன். அதனால்தான் என்னுடையதையும் சேர்த்து எழுதினேன். சூசை பேஸ்புக் பார்ப்பதில்லை, பேத்தி பார்ப்பாள். கண்ணு, தாத்தாவை ராத்திரி முட்டிக்குத் தைலம் போட்டுக்கொள்ளச் சொல்.

மற்றதைச் சொல்லாதே.