பெர்சிஸ் நேசித்த சத்துரு

“புளிச்சுப்போச்சுன்னு நீங்க சொன்னா, புளிச்சதாவே இருக்கட்டுங்க. இந்த வாரம் எனக்கு சாந்தம். அடுத்த வாரம் வாங்க, பேசிக்கலாம்” என்று சொல்லிவிட்டு, சுப்பையன் திருப்பிக் கொண்டுவந்த மாவுப் பையை வாங்கி ஓரமாக வைக்கிறார் பெர்சிஸ் அக்கா. புதுப் பை ஒன்றை எடுத்து நீட்டுகிறார். நீட்டுகிற வேகத்தில் சுப்பையன் ஓரடி பின்னால் போகிறார். விசைத்தறிச் சத்தத்திலேயே காலம் தள்ளுகிற மனிதர்தான். இருந்தாலும் அக்காவின் சாந்தம் என்றால் அவருக்குக் கொஞ்சம் பயம்.

சூலூரில் அந்தத் தெருவில் இட்லி மாவு வாங்குகிற எல்லோருக்கும் இந்தக் கணக்கு தெரியும். ஆவியின் கனிகள் என்று வேதாகமம் சொல்கிற ஒன்பது நற்குணங்களை வாரத்துக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டு அக்கா பழகி வருகிறார். நீடிய பொறுமை வாரத்தில் தைரியமாகக் கடைக்குப் போகலாம். கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டாலும் பதில் வரும். இச்சையடக்க வாரத்தில் அவர் காப்பி குடிப்பதில்லை. அந்த வாரம் மாவு வேண்டாம் என்று உப்புமா கிண்டிக்கொள்வது நல்லது. அவருடைய கணவர் கிருபாகரன் லேத் பட்டறையில் டர்னர். “உன்ற சாந்தத்துக்கு உன்ற கோவமே தேவலாம் அம்மணி” என்று ஒரே ஒரு முறை சொல்லிப் பார்த்தார். அதற்கப்புறம் சொல்லவில்லை.

கனிகளில் அன்பு மட்டும் இந்தச் சுற்றில் வராது. அது என்றைக்கோ பாஸ் பண்ணிய பாடம் என்பது அக்காவின் நம்பிக்கை. “அன்புதான் நம்மகிட்ட எப்பவுமே இருக்குதுங்களே. அதுக்குன்னு தனியா ஒரு வாரம் எதுக்குங்க?” என்பார். கேட்டால் அத்தாட்சியும் காட்டுவார். அந்த அத்தாட்சியின் பெயர் டார்க்காஸ்.

டார்க்காஸ், கிருபாகரனுடைய தம்பி மனைவி. பல வருஷத்துக்கு முன் ஓர் அறுப்பின் பண்டிகைக்குப் பெர்சிஸ் அக்கா ஒரு பெரிய தூக்கு நிறைய மாவு கொண்டுபோய்க் காணிக்கையாக வைத்தார். சித்திரை வெயில். சர்ச் ஐயர் பிரசங்கத்தை முடிக்கவில்லை, மாவு முந்திக்கொண்டது. மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கி, திருமேஜையின் வெள்ளைத் துணியில் வழிந்து, படியிலும் இறங்கியது. டார்க்காஸ் சிரித்துவிட்டார். சபை முழுக்கத்தான் சிரித்தது, ஐயரும் சிரித்தார். ஆனால் ஊர் சிரிப்பது வேறு, ஓரகத்தி சிரிப்பது வேறு.

அக்கா அப்போதே மன்னித்துவிட்டார். மன்னித்ததை அவர் சொல்லாத ஆள் சூலூரில் கிடையாது. டார்க்காஸிடம் மட்டும் சொல்லவில்லை. சத்துருவை நேசிக்க வேண்டும் என்பது கட்டளை. நேசிப்பதற்குக் கைக்கெட்டும் தூரத்தில் சொந்தத்திலேயே ஒரு சத்துரு அமைந்தது கர்த்தருடைய கிருபை என்றே அவர் எடுத்துக்கொண்டார். சனிக்கிழமை தோறும் டார்க்காஸ் வீட்டுக்கு மாவு போகும். அந்த வீட்டிலும் ஒரு கிரைண்டர் இருப்பதை அவர் பொருட்படுத்துவதில்லை.

இதெல்லாம் சில்லறை. அக்காவின் அன்பு முழு வேகத்தில் வெளிப்படுவது புதன்கிழமை மத்தியானம், பெண்கள் ஐக்கிய சங்கத்தின் வீட்டு ஜெபத்தில். யாரைப் பற்றியும் புறம் பேசக் கூடாது என்பதில் அவர் வெகு கண்டிப்பு. பேச மாட்டார், ஜெபிப்பார். தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக் கண்ணை மூடினால் கொங்குத் தமிழ் போய்விடும், வேதாகமத் தமிழ் வந்துவிடும். “கர்த்தாவே, எங்கள் அன்புச் சகோதரி டார்க்காஸின் கடினமான இருதயத்தை உடைத்தருளும். அவளுடைய நாவின் பெருமையை அடக்கும். அவள் வீட்டில் சமாதானமில்லை என்பதை நீர் அறிவீர். பெண்பிள்ளையை வளர்க்கவேண்டிய விதமாய் வளர்க்க அவளுக்கு ஞானம் தாரும்.” டார்க்காஸும் அதே பாயில்தான் உட்கார்ந்திருப்பார். மற்றவர்களோடு சேர்ந்து அவரும் ஆமென் சொல்லியாக வேண்டும். தனக்கு எதிரான மனுவில் தானே கையெழுத்துப் போடுகிற மாதிரிதான்.

இந்த வருஷம் பெண்கள் ஞாயிறு ஆராதனையில் அன்பைப் பற்றிப் பிரசங்கச் செய்தி கொடுக்க ஐயர் பெர்சிஸ் அக்காவைக் கேட்டுக்கொண்டார். அக்கா தயங்குகிற மாதிரி தயங்கிவிட்டு ஒப்புக்கொண்டார். சேலைகூட எடுத்தாகிவிட்டது. அப்படிப்பட்ட நேரத்தில், வருஷக்கணக்காக மாவுக்கடைப் படி ஏறாத டார்க்காஸ் கடைக்கு வந்து நின்றார்.

“ஏனுங்க்கா, எனக்காக ஜெபம் பண்றத இனி நிறுத்திப்போடுங்க.”

இருதயம் கடினப்பட்டுப் போனதற்கு வேறு சாட்சி வேண்டுமா என்று அக்காவுக்குத் தோன்றியது. “ஜெபமே வேண்டாம்ங்கற அளவுக்கு ஆயிப்போச்சா கண்ணு?” என்றார்.

“போன புதன்கிழமை கதவோரமா நீலச் சேலையில ஒரு அம்மா உக்காந்திருந்தாங்கல்லங்க? அவங்க வால்பாறை யூனிஸ் சிஸ்டருங்க. எஸ்டேட் ஆஸ்பத்திரி நர்சு. அவங்க பையனும் நம்ம புள்ள நவ்யாவும் கோயமுத்தூர்ல ஒரே ஆபீஸுங்க. குடும்பம் எப்படின்னு சொல்லாமக் கொள்ளாம பாத்துட்டுப் போலாம்னு வந்திருக்கறாங்க. நேத்து போன் பண்ணி, ஜெபிச்சு முடிவு பண்றோம்னு சொல்லிப்போட்டாங்க.”

சபைக்காரர்கள் ஜெபித்து முடிவு பண்ணுகிறோம் என்றால் முடிவு பண்ணியாயிற்று என்று அர்த்தம். இதை டார்க்காஸும் அறிவார், அக்காவும் அறிவார்.

“புள்ள நேத்திருந்து சோறு திங்கலீங்க்கா. அந்தப் பையனத்தான் கட்டுவேன்னு இருக்கறா. உங்க இடுப்புல வளந்த புள்ளைங்க அவ” என்றார் டார்க்காஸ். சத்தம் போடவில்லை, சண்டை பிடிக்கவில்லை. சொல்லிவிட்டுப் போய்விட்டார். சண்டை பிடித்திருந்தால் அக்காவுக்கு வசதியாக இருந்திருக்கும்.

டார்க்காஸ் பெற்ற மகளானாலும் நவ்யா என்றால் அக்காவுக்கு உயிர். குழந்தையில் காலில் போட்டுக் குளிப்பாட்டியவர் அவர். அன்று தயவு வாரம் வேறு. நம்பரை வாங்கி யூனிஸ் சிஸ்டருக்குப் போன் போட்டு, டார்க்காஸ் தங்கமான பொம்பளை, அந்த வீட்டில் பெண் எடுக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று மூச்சு விடாமல் சொன்னார்.

யூனிஸ் சிஸ்டர் வார்டில் பேசிப் பழகிய குரலில் நிதானமாகக் கேட்டார். “தப்பா எடுத்துக்காதீங்க. மனுசங்ககிட்ட நாலு வார்த்தை கூடக்குறையச் சொல்றது வழக்கந்தான். ஆண்டவர்கிட்ட யாராவது பொய் சொல்லுவாங்களா? அன்னிக்கு அவர்கிட்ட சொன்னது நிஜம்னா, இப்ப எங்கிட்ட சொல்றது பொய். ரெண்டுல எதுங்க பொய்?”

“சிக்னல் செரியில்லீங்க” என்று சொல்லி அக்கா போனை வைத்துவிட்டார்.

அன்று கிரைண்டரில் உளுந்து அளவுக்கு மீறி ஆடிக்கொண்டே இருந்தது, அவர் கவனிக்கவில்லை. ஜெபத்தில் சொன்னதுதான் பொய் என்று ஒத்துக்கொண்டால் கதை என்ன ஆகும்? பரீட்சைக்கும் பிரசவத்துக்கும் விசாவுக்கும் சபையே அவரிடம்தான் ஜெபக்குறிப்பு கொடுக்கிறது. ஜெபத்திலேயே பொய் சொல்கிறவள் என்று பேரெடுத்த பிறகு, அன்பைப் பற்றி எந்த முகத்தோடு செய்தி கொடுப்பது? ஒத்துக்கொள்ளாவிட்டால் நவ்யாவின் கல்யாணம் நின்றுபோகும். டார்க்காஸைப் பற்றி உண்மையாகவே நல்லது ஏதாவது ஒன்று கிடைத்தால், அதை மட்டும் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம் என்று யோசித்தார். யோசிக்க யோசிக்க வந்துகொண்டே இருந்தது, அதுதான் சங்கடம். தான் டைபாய்டில் படுத்தபோது கடையை ஓட்டியவள் அவள். சிரித்த அன்றைக்கே அந்தத் திருமேஜைத் துணியை வீட்டுக்கு எடுத்துப்போய் மாவுக் கறை தெரியாமல் துவைத்துக் கொடுத்தவளும் அவள்தான். இதை அக்கா ஒருவரிடமும் சொன்னதில்லை.

யூனிஸ் சிஸ்டருக்கு வாட்ஸப்பில் குரல் பதிவு ஒன்று போனது: “புதன்கிழமை ஒரு எட்டு வாங்க. கேட்டதுக்குப் பதில் சொல்றேனுங்க.”

கொண்டை ஊசி வளைவுகளெல்லாம் இறங்கி யூனிஸ் சிஸ்டர் வந்துவிட்டார். இந்த முறை கதவோரம் உட்காரவில்லை. முன்னால், டார்க்காஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பாட்டு முடிந்தது, மற்றவர்கள் ஜெபித்தார்கள், அக்காவின் முறை வந்தது.

“கர்த்தாவே, கிருபை நிறைந்த பிதாவே” என்று வழக்கம்போல் கணீரென்று தொடங்கினார். மேலே ஓடவில்லை. யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

“ஆண்டவரே, போன வாரம் உங்ககிட்ட பொய் சொல்லிப்போட்டேனுங்க” என்றார் அக்கா. “போன வாரம் மட்டுமில்லீங்க. டார்க்காஸ் ஊட்ல சமாதானமெல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்க. புள்ளையையும் நல்லாத்தான் வளத்திருக்கறா. அந்த மாவு பொங்குன அன்னிக்கு இவ சிரிச்சதுல எனக்கு ரோசமுங்க. அந்த ரோசத்தத்தான் இத்தன வருசமா ஜெபம்னு உங்ககிட்டக் கொண்டாந்துட்டு இருந்தேனுங்க.”

ஒன்றிரண்டு பேர் கண்ணைத் திறந்தே விட்டார்கள். பெர்சிஸ் அக்கா ஆண்டவரிடம் ‘ங்க’ போட்டுப் பேசி அவர்கள் கேட்டதில்லை. யூனிஸ் சிஸ்டர் மட்டும் கண்ணை மூடியபடியே தலையை மெல்ல ஆட்டிக்கொண்டார். டார்க்காஸின் மூக்கு நுனி சிவந்திருந்தது.

அங்கேயே ஆமென் சொல்லியிருக்கலாம். தொட்டில் பழக்கம் என்றால் சும்மாவா? அக்கா மூச்சு வாங்கிக்கொண்டார். நாக்கு தானாகவே பழைய தமிழுக்குத் திரும்பியது. “ஆனாலும் கர்த்தாவே, எங்கள் அன்புச் சகோதரி டார்க்காஸின்...”

டார்க்காஸின் தோள் விறைத்தது. பெர்சிஸ் அக்கா கண்ணைத் திறக்காமலே முக்காட்டை உருவி, பந்தாகச் சுருட்டி, இரண்டு கையாலும் தன் வாயில் வைத்து அழுத்திக்கொண்டார்.