அப்பாவுக்கு ஒத்துவரும் லென்ஸ்

பயணத்துக்கு ஒரே ஒரு லென்ஸ்தான் என்று முடிவு செய்த நாளிலிருந்து எனக்கு வேறு நினைப்பே ஓடவில்லை. அடுத்த மாதம் அப்பாவும் நானும் காரிலேயே கன்னியாகுமரி வரை போவதாக இருந்தோம். தோளில் ஒரு மூட்டை லென்ஸோடு படி ஏறி இறங்க என்னால் ஆகாது. சரவணம்பட்டியில் என் ஆபீஸில் கேமரா வைத்திருக்கிற எல்லோரிடமும் கேட்டேன். 24-லிருந்து 105 வரை போகும் லென்ஸை வாங்கு, படம் சுத்தமாக வரும் என்றார்கள். லென்ஸில் எண் கூடக் கூடத் தூரத்தில் இருப்பது கிட்டே தெரியும். 28-லிருந்து 200 வரை ஒன்று இருக்கிறதே, பக்கத்தில் இருப்பதையும் எடுக்கலாம், ஆற்றுக்கு அக்கரையில் இருப்பதையும் எடுக்கலாம் என்றேன். "கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசையா?" என்று சிரித்தார்கள்.

என் கவலை படத்தின் சுத்தம் இல்லை. அப்பா பேசுவது எனக்கு வீடியோவில் வேண்டும். நான் கல்லூரியில் படிக்கும்போதே அம்மா போய்விட்டார். போட்டோக்கள் இருக்கின்றன, குரல் எதிலும் இல்லை. இப்போது நினைவில் கேட்டுப் பார்த்தால் அது அம்மாவின் குரலா, நானாகக் கற்பனை செய்துகொண்டதா என்றே தெரியவில்லை. அப்பா விஷயத்திலும் அப்படி ஆகிவிடுமோ என்று பயமாக இருந்தது.

இத்தனைக்கும் அப்பா வாய் ஓயாதவர். டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சிக்னலில் பக்கத்தில் வந்து நிற்கும் ஸ்கூட்டர்காரரிடம்கூட "ஏனுங்க, எந்த ஊருங்க?" என்று ஆரம்பித்துவிடுவார். ஆனால் கேமராவோ போனோ, எதைத் தூக்கினாலும் இரண்டு கைகளும் தொடையோடு ஒட்டிக்கொள்ளும். "வீடியோங்கப்பா, பேசுங்க" என்றால் இன்னும் விறைப்பார். என்னிடம் இருக்கிற வீடியோக்களில் மரம் ஆடுகிறது, மாடு ஆடுகிறது, அப்பா மட்டும் ஆடுவதில்லை. ஏன் இப்படி என்று எனக்குப் புரிந்ததே இல்லை. கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

காந்திபுரத்தில் கல்யாண போட்டோகிராபர்களுக்கு லென்ஸ் வாடகைக்குக் கொடுக்கும் கடை ஒன்று உண்டு. இரண்டு லென்ஸையும் வாடகைக்கு எடுத்துக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு தாராபுரம் போனேன். சோதனை என்று அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் கிளம்பும்போதே விறைத்திருப்பார்.

அமராவதிப் பாலம் தாண்டி ஓர் இளநீர்க் கடை. அப்பா இறங்கியதும் கடைக்காரரிடம் ஊர், உறவு, மழை என்று விசாரணையைத் தொடங்கிவிட்டார். நான் முதலில் 24–105-ஐ மாட்டினேன். முகம் தெளிவாகத் தெரிய வேண்டுமானால் 105 போதவில்லை, கிட்டே போக வேண்டியிருந்தது. கிட்டே போனேன். அப்பா பார்த்துவிட்டார். இளநீரை நெஞ்சோடு பிடித்தபடி சிலையாகிவிட்டார்.

சரி என்று கேமராவை இறக்கிவிட்டு, சாலைக்கு எதிர்ப்பக்கம் நிறுத்தியிருந்த எங்கள் காருக்குப் போய், அதன் மறைவில் 28–200-ஐ மாட்டினேன். இருநூறில் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விறைப்பு போய், வாய் ஓயாத அப்பா திரும்பி வந்துவிட்டார். கை ஆடுகிறது, தலை ஆடுகிறது, ஒரு இடத்தில் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார். ஆனால் என் கேமராவுக்குக் கேட்டது லாரி சத்தம் மட்டும்தான். வாய் அசையும் அப்பா கிடைத்தார், குரல் கிடைக்கவில்லை.

எதற்குக் கண்ணைத் துடைத்தார்? அதைத் தெரிந்துகொள்ளாமல் எனக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது. பதிவை நிறுத்தாமல் சாலையைக் கடந்து, சுற்றிக்கொண்டு அவர் முதுகுப் பக்கமாக நடந்தேன். நெருங்க நெருங்க லென்ஸ் வளையத்தைத் திருப்பிக் குறைத்துக்கொண்டே போனேன். படம் குலுங்கியது. லாரி சத்தம் பின்னால் போய், அப்பாவின் குரல் மெல்ல மேலே வந்தது.

"...பள்ளிக்கொடம் போற வயசுங்க. மொத மொதலா ஒரு கேமரா வாங்கிக் குடுத்தேன். பிலிம் ரோல்ல கடைசிப் படம். எங்க ஊட்ல, அவ அம்மா, எதுக்கோ சிரிச்சு அசைஞ்சுபோட்டாங்க. கழுவி வந்தா அவங்க மொகம் கலங்கிக் கெடக்குது. புள்ள அன்னிக்குச் சோறு திங்கலீங்க. அதுலருந்து அவ கேமராவத் தூக்குனா நான் மூச்சுக்கூட விடறதில்லீங்க."

"அதானுங்களா இப்பக்கூட அப்புடி நின்னீங்க," என்றார் கடைக்காரர். "இப்பத்த கேமராவுல ஆடுனாலும் நல்லாத்தான் வருதுங்க."

"வருமுங்க. நம்மனால கெட்டுப்போச்சுன்னு ஆயிரக்கூடாதில்லீங்க."

அந்தப் படத்தையும் அழுததையும் நான் எப்போதோ மறந்துவிட்டேன். அவர் மறக்கவில்லை. கூச்சமும் இல்லை ஒன்றும் இல்லை, எனக்காகத்தான் இத்தனை வருடம் ஆடாமல் நின்றிருக்கிறார். நான் மூக்கை உறிஞ்சிய சத்தத்தில் அப்பா திரும்பினார். லென்ஸ் அப்போது இருபத்தெட்டில் இருந்தது, அவர் முழுதாகத் தெரிந்தார். உடனே கை இரண்டும் தொடையோடு போய் ஒட்டிக்கொண்டன.

"அசையுங்கப்பா," என்றேன். "கலங்குனாக் கலங்கட்டுமுங்க."

"நெசமாவா அம்மணி?"

"நெசமாத்தானுங்கப்பா."

அந்த லென்ஸையே வாங்கிவிட்டேன். கன்னியாகுமரியில் எடுத்தது நிறைய இருக்கிறது. ஆனாலும் நான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பது தாராபுரம் வீடியோவின் கடைசியைத்தான். அதில் அப்பா என்னை நம்பாமல் ஒருமுறை பார்க்கிறார். பிறகு வலது கையை மட்டும் தொடையிலிருந்து எடுத்து, மெதுவாக ஆட்டிப் பார்க்கிறார்.