பி பக்கத்தில் மிச்சமிருந்த நான்கு பாட்டு

போன மாதம் மகளின் காரில் புளியறை வழியாகப் போனேன். ஆரியங்காவில் ஒரு கல்யாணம். மகள் போலீஸில் இருக்கிறாள். கார் அவள்தான் ஓட்டுவாள். நான் பக்கத்து சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தேன். முப்பது வருஷம் வேன் ஓட்டியவன் அந்த சீட்டில் உட்காருவது கஷ்டம். வளைவு வந்தால் கால் தானாகப் பிரேக்கைத் தேடும். அங்கே ரப்பர் மிதியடிதான் இருக்கும். அதை மிதித்து மிதித்து ஓட்டை போட்டுவிட்டேன் என்று மகள் சொல்லிச் சிரிப்பாள்.

செக்போஸ்டில் லாரிகள் வரிசையாக நின்றன. நின்ற நேரத்தில் அவள் போனைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, இந்த வருஷத்துல நல்ல ஆல்பம்னு பத்து போட்டிருக்கான். ஒரு பாட்டு விடாம முழுசா கேக்கணுமாம்."

"போட்டவன் கேட்டானா?"

"பின்ன, கேக்காமலா போடுவான்?"

வரிசை நகர்ந்தது. அவள் அந்தப் பத்தில் ஒன்றைப் போட்டாள். பாதிப் பாட்டு ஓடுவதற்குள் கட்டைவிரல் போய் அடுத்ததற்குத் தாவியது. முழுசாகக் கேட்க வேண்டியதை அவள் கேட்கும் விதம் அப்படி.

மலை தொடங்கியது. என் பக்கத்துக் கண்ணாடியை இறக்கினேன்.

"ஏசி போட்டிருக்கேன்ப்பா."

"இருக்கட்டும்."

உள்ளே வந்த காற்றில் ஈர இலை வாசனை. அதற்குள் காய்ந்த பிரேக்கின் வாசனை. இன்னும் ஒரு வாசனை குறைகிறது. எண்ணெய் வாசனை. குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வருகிறவர்கள் தலை துவட்டாமல் வேனில் ஏறுவார்கள். சீட்டு, ஜன்னல் கம்பி, கூரைத் துணி எல்லாம் எண்ணெய். சீசன் முடிந்து மூன்று மாதம் ஆனாலும் போகாது. என் சட்டையை மோந்து பார்த்தே நான் எந்த அருவிக்குப் போய் வந்தேன் என்று வீட்டுக்காரி சொல்வாள். அது பொய். எல்லா அருவியிலும் ஒரே எண்ணெய்தான். ஆனாலும் நான் ஆமாம் என்பேன்.

எங்கள் வேன் ஸ்டாண்ட் தென்காசியில் இருந்தது. எட்டு வண்டி. எங்களுக்கு வருஷம் என்பது சாரலில் இருந்து சாரல் வரை. காலண்டர் கணக்கு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு. வைகாசி கடைசியில், அருவியில் தண்ணீர் விழும் முன்னால், அந்த வருஷத்துக் கேசட்டுகளை எடுத்து வைத்துத் தீர்ப்பு சொல்வோம். வந்தது ஐம்பது அறுபது இருக்கும். தேறுவது ஐந்து. அந்த ஐந்துதான் எட்டு வண்டியிலும் சீசன் முழுக்க ஓடும்.

விளையாட்டுக்குச் செய்ததில்லை. மலையில் மேகம் இறங்கிவிட்டால் லைட் போட்டும் பிரயோஜனம் இல்லை. வளைவுக்கு முன்னால் இரண்டு ஹாரன் அடிக்க வேண்டும். எதிரே வண்டி இருந்தால் அவன் இரண்டு அடிப்பான். அந்தப் பதிலை வைத்துத்தான் ஒதுங்குவதா, போவதா என்று முடிவு. கண் வேலை பார்க்காத இடத்தில் காது ஓட்டும். அதனால் இரண்டு சட்டம் வைத்திருந்தோம். ஒன்று, கேசட்டில் தள்ளிவிடத் தோன்றும் பாட்டு ஒன்றுகூட இருக்கக் கூடாது. பிடிக்காத பாட்டு வந்தால் கை ஸ்டியரிங்கை விட்டு பட்டனுக்குப் போகும். இரண்டு, பாட்டுக்குள் ஹாரன், விசில், வண்டிச் சத்தம் எதுவும் வரக் கூடாது. வந்தால் எவ்வளவு நல்ல பாட்டாக இருந்தாலும் தள்ளுபடி.

இதற்கு ஆளுக்கு ஏழெட்டுக் கேசட்டைப் பிரித்துக்கொள்வோம். ஞானமணி அண்ணாச்சியின் கேசட் கடை ஸ்டாண்டுக்கு எதிரே. அவர் கடைப் பெஞ்சில் உட்கார்ந்து, முதல் பாட்டின் முதல் சத்தத்தில் இருந்து கடைசிப் பாட்டு தேய்ந்து போகும்வரை கேட்க வேண்டும். நடுவில் எழுந்திருக்கக் கூடாது. பிறகு எட்டுப் பேரும் கூடுவோம். நான் ஐந்தாம் வகுப்பு. சினிமா பேரை எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். அதனால் கேசட்டை அட்டையின் நிறத்தாலோ படத்தாலோதான் சொல்வோம். பச்சை அட்டை, ரெண்டு குதிரை அட்டை, இப்படி. ஆனால் அன்றைக்கு மட்டும் நான் ஹைகோர்ட் ஜட்ஜ்.

"ஏலே, மூணாவது பாட்டு என்னல, கழுத கத்துத மாதிரி இருக்கு?"

"ஒங்க மாமனாரு பாடிருப்பாருல. காது குடுத்துக் கேளு."

"சண்ட போடாதீங்கடே. ரெண்டு பேரும் பாடினா அந்தக் கழுத தேவல," என்பார் அண்ணாச்சி. ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் டேப் ஹெட்டைத் துடைத்துக்கொண்டே சொல்வார். அந்தக் கடைக்கே அந்த வாசனை உண்டு.

முதலில் கேலி பேசியவன் செல்லத்துரை. குத்துக்கல்வலசைக்காரன். எனக்கு அடுத்த வண்டி. நன்றாக வண்டி ஓட்டுவான். பாட்டுப் பைத்தியம். ஒருவன் கேசட்டை நல்லது என்று சொன்னால் மறுபேச்சு பேச மாட்டான். கேட்டவன் சொல்லுதான், போதும் என்பான். கேலியெல்லாம் பேசுவான், தீர்ப்பை மட்டும் மாற்ற மாட்டான்.

கேசட் காலத்தின் கடைசியில் ஒரு வைகாசி. என் பங்கில் நீல அட்டை ஒன்று வந்தது. ஏ பக்கம் கேட்டேன். அருமை. பி பக்கத்தில் இரண்டு பாட்டு ஓடியது. அதுவும் அருமை. அப்போது கரண்ட் போய்விட்டது. பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். ரோட்டில் ஒருவன் சைக்கிளில் கத்திக்கொண்டு போனான்.

"ஐந்தருவியில தண்ணி விழுந்துட்டு!"

அந்த வருஷம் பத்து நாள் முந்தி விழுந்துவிட்டது. முதல் தண்ணீரில் தலை காட்டினால் சீசன் நன்றாக இருக்கும் என்று எங்களுக்கு ஒரு எண்ணம். நான் போய்விட்டேன். குளித்துவிட்டு, மங்குஸ்தான் வாங்கித் தின்றுவிட்டு, ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனேன். பி பக்கத்தில் நான்கு பாட்டு மிச்சம். இரண்டு நாள் கழித்துக் கூடினோம்.

"நீல அட்ட எப்படிடே?" அண்ணாச்சி கேட்டார்.

"முழுசா கேட்டேன். ஒண்ணு கூட சோடையில்ல."

சொல்லும்போது நாக்கு தடுமாறவில்லை. எட்டு நன்றாக இருந்தால் மிச்ச நான்கும் நன்றாகத்தானே இருக்கும் என்று நினைத்தேன். நீல அட்டை முதலிடம் பிடித்தது. எல்லோருக்கும் காப்பி எடுக்க ஒரு வாரம் ஆகும் என்றார் அண்ணாச்சி. ஒரிஜினலை செல்லத்துரை கேட்டு வாங்கிப் போனான். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

இரண்டாம் நாள் ஸ்டாண்டில் டீ குடிக்கும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"ஏலே, நீல அட்டையில ஹாரன் வருதே?"

எனக்குக் கை சுட்டது. டீ டம்ளரைக் கீழே வைத்தேன்.

"எங்கன?"

"பி பக்கம் நாலாவது பாட்டு. லாரி ஹாரன் மாதிரியே ரெண்டு வருது. பாலருவி போயிட்டு எறங்கும்போது, மூணாவது வளைவுகிட்ட. நேத்து சடார்னு ஒதுக்கிட்டேன். எதுக்க ஒருத்தனுமில்ல. வண்டியில இருந்தவன்லாம் சிரிக்கான். நீ கேக்கலியா?"

கேட்கவில்லை என்று ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் அடுத்த வருஷம் என்னைப் பெஞ்சில் உட்கார விட மாட்டார்கள். எட்டுப் பேரும் வருஷம் முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். இதைத்தான் நினைத்தேன். வேறு ஒன்றும் நினைக்கவில்லை.

"கேட்டேன். அது ஹாரன் இல்லல, நாதஸ்வரம் மாதிரி ஏதோ சத்தம். ரெண்டு நாள் ஓட்டு, பழகிரும்."

அவன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"நீ கேட்டுட்டுச் சொல்லுத. சரிதான்."

எழுந்து போய்விட்டான். தோளில் கிடந்த துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போனது இப்போதும் தெரிகிறது.

சீசன் சூடு பிடித்திருந்தது. ஒரு நாளைக்கு இரண்டு தடவை இதே மலை ஏறிப் பாலருவி போய் வந்தான். நாலு நாள். அந்த ஹாரன் எட்டுத் தடவையாவது அவன் காதில் விழுந்திருக்கும். நான் சொன்னபடி பழகிவிட்டது.

ஆறாம் நாள் மத்தியானம் மேகம் ரோட்டில் படுத்திருந்தது. மேலே போகும் வண்டிகளை நாங்கள் ஸ்டாண்டிலேயே நிறுத்திவிட்டோம். செல்லத்துரை அதற்கு முன்பே போயிருந்தான். மூன்று மணிக்குப் பிறகு செய்தி வந்தது. ஏறி வந்த வைக்கோல் லாரி. மூன்றாவது வளைவு. வேனின் டிரைவர் பக்கமே இல்லை.

வண்டியில் இருந்தவர்களுக்கு அடி. உயிர் போனது அவனுக்கு மட்டும்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். கோயம்புத்தூர்க்கார அம்மா ஒருத்தி நெற்றியில் கட்டுப் போட்டு உட்கார்ந்திருந்தாள். முன் சீட்டில் இருந்தவள். அவளாகவே சொன்னாள்.

"ஹாரன் சத்தம் கேட்டுதுங்க. நான்தான் சொன்னேன், எதுக்க வண்டி வருதுங்கன்னு. அவரு சிரிச்சாருங்க. பயப்படாதீங்கம்மா, அது பாட்டுல வருதுன்னாரு."

மறுநாள் வண்டியைப் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் போட்டிருந்தார்கள். டேப் செட் அப்படியே இருந்தது. பட்டனை அழுத்தினேன். கேசட் வெளியே வந்தது. பி பக்கம். இடது சக்கரத்தில் டேப் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. அவன் கேட்ட இடம் மூன்றாம் பாட்டா, நான்காம் பாட்டா என்று சக்கரத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அண்ணாச்சியிடம் போய், நீல அட்டைக்குக் காப்பி எடுக்க வேண்டாம் என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. எடுத்த காப்பிகளைக் கவுண்டருக்கு அடியில் தள்ளினார். அவருக்குத் தெரியும் என்று அன்றைக்கு நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அடுத்த வைகாசியில் யாரும் யாரையும் கூப்பிடவில்லை. அவரவர் வண்டியில் அவரவருக்குப் பிடித்தது ஓடியது. பிறகு சிடி வந்தது. பிறகு பென்டிரைவ். அண்ணாச்சி கடை இருந்த இடத்தில் இப்போது போன் ரீசார்ஜ் செய்கிறார்கள். வேன் ஸ்டாண்ட் இல்லை. எட்டுப் பேரில் மூன்று பேர் இருக்கிறோம்.

இதெல்லாம் மகளுக்குத் தெரியாது. காரில் இரண்டாவது வளைவு தாண்டியது. மேகம் ரோட்டுக்கு இறங்கத் தொடங்கியிருந்தது.

"ஹாரன் அடி."

"எதுக்குப்பா? லைட் எரியுதுல்லா."

"அடி."

இரண்டு அடித்தாள். நான் தலையை வெளியே நீட்டிக் கேட்டேன். எதிரே வண்டி இருந்தது. வெளிச்சம் தெரிந்தது, பிறகு பஸ் எங்களை உரசிக்கொண்டு இறங்கிப் போனது. பதில் ஹாரன் அடிக்கவில்லை. இப்போது யாரும் அடிப்பதில்லை.

மகளுக்கு முகம் வெளுத்துவிட்டது. பாட்டை நிறுத்திவிட்டு ஓட்டினாள். பிறகு எனக்காகவோ அவளுக்காகவோ சொன்னாள்.

"ஒங்க காலத்துப் பாட்டு ஏதாவது போடட்டாப்பா? இதுல எல்லாமே இருக்கு. பேரு மட்டும் சொல்லுங்க."

வீட்டு பீரோவில், வேட்டிக்கு அடியில் அந்தக் கேசட் இருக்கிறது. போட்டுக் கேட்கச் செட் கிடையாது. இருந்த காலத்திலும் போட்டதில்லை. அந்த ஹாரன் எப்படி இருக்கும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நீல அட்டையின் பேரை எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்து மனப்பாடமாகிவிட்டது.

"பேரு மறந்துபோச்சு," என்றேன்.