பெரியப்பா தலைக்கு மேல் வந்த கரண்ட்

எங்கள் வீட்டுக்குக் கரண்ட் பெரியப்பாவின் தலைக்கு மேலாகத்தான் வந்தது. அதை வரவழைத்ததில் பாதிப் பங்கு என்னுடையது என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். மீதிப் பாதியைக் கரண்ட் ஆபீசுக்கு விட்டுக்கொடுத்திருந்தேன்.

பழவேற்காட்டிலிருந்து ஏரியைத் தாண்டினால் எங்கள் ஊர். மின்கம்பங்கள் தண்ணீருக்குள் வரிசையாக நின்று ஊருக்குள் வரும். பள்ளிக்கூடம் இல்லாத மத்தியானங்களில் நான் அவற்றையே பார்த்துக்கொண்டிருப்பேன். வெயிலில் தண்ணீரும் வானமும் ஒன்றாகிப் போய், கம்பங்கள் மட்டும் அந்தரத்தில் நிற்கும். கண் கொட்டாமல் பார்த்தால் அவை மெல்ல அசையும். இன்னும் கொஞ்சம் பொறுத்தால் ஒன்று எங்கள் வாசலுக்கே நடந்து வந்துவிடும் என்று காத்திருப்பேன். வரவில்லை. கடைசிக் கம்பம் பெரியப்பா வீட்டோடு நின்றுவிட்டது. அதற்குப் பின்னால் புதிதாகக் கட்டிய எங்கள் வீட்டில் மண்ணெண்ணெய் விளக்குதான்.

எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. குறை அக்காவின் மாமியாருக்கு. அக்காவைப் பொன்னேரியில் கட்டிக்கொடுத்திருந்தோம். ஏழாம் மாதம் வளைகாப்பு போட்டுத் தலைப்பிரசவத்துக்கு அழைத்து வர வேண்டும். அந்த அம்மாள் நல்லவள்தான். ஆனாலும் சித்திரை வெயிலில் பிள்ளைத்தாய்ச்சியை ஃபேன் இல்லாத வீட்டுக்கு அனுப்ப மாட்டேன், கரண்ட் இழுத்துவிட்டு வந்து கூட்டிப்போங்கள் என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. தலைப்பிள்ளையைப் பெற மகளை வீட்டுக்கு அழைத்து வர வக்கில்லை என்று ஊர் பேசும் என்பது அவள் கவலை. என் கவலை சிறியது. அக்கா போனதிலிருந்து என் தலையை யாரும் ஒழுங்காகப் பின்னிவிடவில்லை. அவள் பக்கத்தில் படுக்காமல் எனக்குத் தூக்கமும் சரியாக வரவில்லை.

நைனா கரண்ட் ஆபீசில் விசாரித்துக்கொண்டு வந்தார். கம்பத்திலிருந்து வரும் கம்பி பெரியப்பாவின் இடத்தைத் தாண்டித்தான் வர வேண்டும். அதில் தனக்கு ஆட்சேபணை இல்லை என்று அவர் கையெழுத்துப் போட்டுத் தந்தால்தான் இணைப்பு. நைனா அதைச் சொல்லிவிட்டுச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அது நடக்காத காரியம் என்று அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஏனென்றால் பெரியப்பாவும் நைனாவும் ஒரு வருஷமாகப் பேசுவதில்லை. சண்டையே அக்காவை வைத்துத்தான். பெரியம்மாவின் அண்ணன் மகனுக்கு அவளைக் கேட்டிருந்தார் பெரியப்பா. நைனா பொன்னேரிக்குக் கொடுத்தார். அக்காவைத் தோளில் தூக்கி வளர்த்தவர் பெரியப்பா. கல்யாணத்தன்று வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்துவிட்டார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஏரியில் யார் எங்கே என்றைக்கு வலை போடுவது என்பதை எங்கள் ஊரில் சீட்டு எடுத்து முறை வைப்பார்கள். பாடு என்று அதற்குப் பெயர். அண்ணன் தம்பி இருவருக்கும் சேர்ந்து ஒரே பாடு, ஒரே படகு, ஒரே வலை. ஆளுக்கொரு முனையைப் பிடித்துத்தான் ஆக வேண்டும். ஆகவே விடிந்தால் இருவரும் ஒன்றாகப் போவார்கள், ஒன்றாகத் திரும்புவார்கள், கரையில் கால் வைத்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் என்னைப் பார்த்தோ, நாயைப் பார்த்தோ சொல்வார்கள். படகில் எப்படி என்று ஒருமுறை அம்மாவைக் கேட்டேன். "இழு, வுடுனு சொல்லிப்பாங்க. வேற இன்னா?" என்றாள்.

ஆட்சேபணை இல்லை என்று நைனா ஆபீசில் எழுதி வாங்கி வந்த பேப்பர் காலண்டருக்குப் பின்னால் ஒரு வாரம் கிடந்தது. எட்டாம் நாள் அதை நான் உருவினேன். பெரியப்பா தன் வாசலில் கிழிந்த வலையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இன்னாடி அது?"

"நைனா குட்த்தாரு. உங்ககிட்ட கையெழுத்து வாங்கினு வரச் சொன்னாரு."

"அவனே சொன்னானா?"

"ஆமா பெரிப்பா."

அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். பிறகு உள்ளே போய்ப் பேனாவைத் தேடி எடுத்து வந்து, தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக இறக்கி வைத்தார்.

வீட்டுக்கு வந்து நைனாவிடம், பெரியப்பாவே என்னைக் கூப்பிட்டுக் கையெழுத்துப் போட்டுக்கொடுத்தார் என்றேன். "அவராவே கூப்ட்டாரா?" என்றார் நைனா. அதற்கும் ஆமா என்றேன். அவரும் வெகுநேரம் பார்த்தார். ஒரே நாளில் இரண்டு பொய், இரண்டும் போணியாகிவிட்டன.

பயம் அதற்குப் பிறகுதான் வந்தது. விடிந்தால் இருவரும் ஒரே படகில் போவார்கள். ஒரு வார்த்தை பேசிக்கொண்டால் போதும், என் கதை கந்தல். மறுநாள் காலையிலிருந்து கரையிலேயே கிடந்தேன். வெயில் ஏறி ஏரி மறைந்து, படகு எந்த வானத்திலிருந்தோ இறங்கி வருவதைப் பார்த்தேன். இருவரும் இறங்கினார்கள். பெரியப்பா என்னைக் கடந்து போனார். நைனா என்னைக் கடந்து போனார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அம்மா சொன்னது சரிதான், இழு, விடு தவிர வேறு பேச்சே இல்லை என்று எனக்கு உயிர் வந்தது.

அடுத்த வாரமே பொன்னேரியிலிருந்து ஒயர்மேன் வந்தார். கதவுக்குப் பக்கத்தில் மீட்டருக்குப் பலகை அடித்தார். மொட்டை மாடியில் ஒரு இரும்புக் குழாயை நட்டு, மழைத் தண்ணீர் இறங்காமலிருக்க அதன் வாயைக் கீழே பார்த்து வளைத்துவிட்டார். எர்த்துக்காகக் கொல்லையில் குழி தோண்டினார். குழிக்குள் கரியும் உப்பும் போட வேண்டுமாம். முழங்கை ஆழத்திலேயே ஏரித் தண்ணீர் ஊறி வந்தது. அதைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "உங்க ஊர்ல உப்பு போட்டா அதுக்கே வெக்கமா இருக்கும்" என்றார். ஆனாலும் முறை தவறக் கூடாதென்று ஒரு பிடி போட்டார்.

கடைசியாகக் கம்பி. வீட்டுக்கு வரும் கறுப்பு ஒயரைத் தாங்க ஒரு இரும்புக் கம்பி வேண்டும். அதன் ஒரு முனையை ஆபீசிலிருந்து வந்த லைன்மேன் கம்பத்தில் கட்டிவிட்டு, மறுமுனையை மாடியிலிருந்து இழுத்துக் குழாயில் கட்டச் சொன்னார். நைனா தனியாக இழுத்தார். கம்பி தொங்கிப் பெரியப்பா வீட்டு ஓட்டின் மேல் உரசியது. உள்ளேயிருந்து பெரியப்பா வெளியே வந்தார். ஓடு உடைந்தால் சண்டைதான் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தபோது அவர் எங்கள் மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தார். நைனாவுக்குப் பின்னால் போய் நின்று கம்பியைப் பிடித்தார்.

"வுட்டுப் புடி."

"ம்."

"இழு."

கையில் ஒரு முனை கிடைத்துவிட்டால் எங்கள் ஊர் ஆண்களுக்குக் கரையும் தண்ணீரும் ஒன்றுதான். இருவரும் ஒரே மூச்சாகச் சாய்ந்து சாய்ந்து இழுத்தார்கள். வலை கனத்து வருவதாகவே இருவர் முகமும் இருந்தது. "யோவ், போதும்யா! இது இன்னா வலையா? தொய்வு வேணும்யா!" என்று ஒயர்மேன் கீழேயிருந்து கத்தினார். அதற்குள் குழாய் பெரியப்பா வீட்டைப் பார்த்துக் கும்பிடு போட்டுவிட்டது. கம்பியைத் தளர்த்தி ஒயரைக் கட்டினார்கள். குழாயை நிமிர்த்த முடியவில்லை. பெரியப்பா கையைத் துடைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் இறங்கிப் போனார். படியில் நின்ற என் தலையில் மட்டும் லேசாகத் தட்டினார்.

அக்கா வந்தாள். பெரிய வயிற்றோடு ஃபேனுக்கு அடியில் படுத்து, மத்தியானமெல்லாம் தூங்கினாள். நான் அவள் பக்கத்தில் படுத்துக்கொண்டு, அவள் பின்னிவிட்ட என் ஜடையைப் பிடித்தபடி, ஃபேன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். இந்தக் காற்று ஏரிக்குள் நிற்கும் கம்பங்களைத் தாண்டி, பெரியப்பா தலைக்கு மேலாக வந்து அக்கா மேல் படுகிறது, எல்லாம் என்னால் என்று நினைக்க நினைக்கச் சுகமாயிருக்கும். அப்படியே நானும் தூங்கிவிடுவேன்.

ஒன்பதாம் வகுப்புக்குப் பழவேற்காட்டுப் பள்ளியில் சேர்ந்தேன். ஒருநாள் அக்கரைக்குப் போகும் படகைத் தவறவிட்டேன். நைனா என்னைத் தங்கள் படகில் ஏற்றிக்கொண்டார். கரையில் இருவரும் அப்போதும் பேச்சில்லாமல்தான் இருந்தார்கள். படகு பத்தடி நகர்ந்ததும் பெரியப்பா, அக்கா பையனுக்கு ஜுரம் விட்டதா என்று கேட்டார். நைனா பதில் சொன்னார். அப்புறம் நண்டு விலை, பெரியம்மாவின் முட்டி வலி, யார் வீட்டுப் பெண்ணுக்கு யார் மாப்பிள்ளை என்று இருவரும் நடு ஏரி வரைக்கும் வாய் ஓயாமல் பேசினார்கள்.

"நீங்க ரெண்டு பேரும் பேசுவீங்களா?" என்றேன்.

"பின்ன, ஊமையாவா வலை இழுக்கறது?" என்றார் பெரியப்பா.

"அப்போ அந்தக் கரண்ட் பேப்பரு..."

நைனா ஏரியைப் பார்த்துச் சிரித்தார். பெரியப்பாதான் சொன்னார்: "உங்க நைனா இந்தப் படகுல கேட்டான், அன்னிக்கே சரின்ட்டேன். கரையில அத்த எவன் மொதல்ல வாயத் தொறந்து சொல்றது? யாருனா பேப்பர எட்த்துனு வருவாங்கனு எட்டு நாளா வாசல்லயே குந்தினு இருந்தேன்மா."

அக்கரை வந்தது. நைனா என் பையை எடுத்துக் கொடுத்தார். பெரியப்பா இறங்கிக் கயிற்றைக் கட்டினார். "படகுல தண்ணி ஏறியிருக்கு, எறைக்கணும்னு சொல்லு" என்று என்னிடம் சொல்லிவிட்டு நடந்தார். இரண்டடி தள்ளி நின்றிருந்த நைனாவிடம் நான் அதைச் சொன்னேன்.