சிமினியைக் கீறிய கல்

கல்லைப் பற்றி என்னிடம் யாரும் பெருமையடிக்க முடியாது. டிக்கோயாவுக்கு மேலே எங்கள் தோட்டத்தில் நான் கொழுந்து பறித்த காலத்தில், காலில் இடறுகிற கல்லுக்கெல்லாம் எங்களிடம் ஒரு வேலை இருந்தது. நகத்தால் கீறினால் ஏடு ஏடாக உரிந்து வருமே, அது காக்காப்பொன். பொங்கலுக்குச் சுவரில் காவி பூசும்போது அதை நுணுக்கித் தூவுவோம். தோட்டம் கொடுத்த ஒற்றை அறை, அந்த லயத்துக் காம்பரா, மினுமினுக்கும். தொட்டதும் கையில் கறுப்பாக, வழுவழுவென்று ஒட்டுவது பென்சில் கரி. பிள்ளைகள் கையில் கிடைத்தால் சுவர் நாசம். ஆற்று மணலில் மாதுளம் முத்து மாதிரிச் சிவப்புப் பொடிக்கல் கிடக்கும். பார்க்க அழகு, வேறு எதற்கும் ஆகாது. எனக்கென்று வேலை வைத்தது வெள்ளைக்கல்தான்.

என் வீட்டுக்காரர் கவ்வாத்துக்காரர், அதாவது தேயிலைச் செடியை வெட்டிச் சீராக்குகிறவர். மற்றவர்கள் கத்தியைச் சாணைக்கல்லில் தீட்டிவிட்டுப் போவார்கள். இவருக்கு அது போதாது. பலகையில் வெள்ளைக்கல் பொடியைத் தூவி அதில் தேய்த்தால்தான் பதம் வரும் என்பார். இந்தியாவில் பனையேறிகள் அப்படித்தான் பாளை அரிவாள் தீட்டினார்களாம். அந்தப் பொடியை ஞாயிறுதோறும் இடிக்கிற பாக்கியம் எனக்கு. கல்யாணமாகி ஒரு வருசத்தில் நான் சோற்றுக்கு இடித்ததைவிடக் கத்திக்கு இடித்ததுதான் அதிகம்.

ஒரு சனிக்கிழமை அவரைக் கான் வெட்ட அனுப்பியிருந்தார்கள். மலையில் மழைத்தண்ணீர் வடிவதற்கு வெட்டுகிற வாய்க்கால்தான் கான். வேலை முடிந்து வந்தவர் கதவைச் சாத்திவிட்டு மடியிலிருந்து ஒன்றை எடுத்தார். கட்டைவிரல் அளவு, ஆறு பட்டை, நுனியில் கூர், கற்கண்டு மாதிரித் தெளிவு. நானும் ஒரு கணம் வாயைப் பிளந்தேன், இல்லையென்று சொல்லமாட்டேன்.

"பாரு புள்ள" என்று லாம்புச் சிமினியை எடுத்து, அதன்மேல் கல்லை வைத்து இழுத்தார். கிரீச்! கண்ணாடியில் வெள்ளைக் கோடு.

"ஐயையோ, இருக்கிறதே ஒரு சிமினிங்க!"

"சிமினி கெடக்குது விடு. கண்ணாடியக் கீறுதுல்ல? வைரந்தான் புள்ள இது!"

ஹட்டனில் சாமி படத்துக்குச் சட்டம் போடும் கடையில், முதலாளி பாய் வைரமுனை வைத்த பேனாவால் கண்ணாடி அறுப்பதை இவர் நின்று பார்த்திருக்கிறார். அது போதாதா!

"அப்ப அந்த பாய்கிட்டயே காட்டிக் கேட்டுருவோம்" என்றேன்.

"பைத்தியமா ஒனக்கு? தோட்டத்து ஆளு தோண்டி எடுத்தது தோட்டத்துக்குத்தான் சேரும். வெளிய தெரிஞ்சா தோட்டத்துத் தொர புடுங்கிக்குவாரு. திங்கக்கெழம பெரட்டுல என் பேர வெட்டச் சொல்லிட்டு வர்றேன். பேரு இல்லேன்னா நான் தோட்டத்து ஆளு இல்ல. அப்பறம் கல்லு என் கல்லு. நீயும் இனிமே மலைக்குப் போக வேணாம்."

பெரட்டு என்பது காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற இடம். அங்கே செக்ரோலில், அதாவது ஆள் பதிவுப் புத்தகத்தில், பேர் வெட்டுப்பட்டால் காம்பராவைக் காலிசெய்துவிட்டுப் போக வேண்டியதுதான். எங்கே போவது? அப்போது எங்களிடம் இலங்கைக் குடியுரிமைக் காகிதமும் இல்லை, இந்தியக் காகிதமும் இல்லை. அந்தச் செக்ரோலில் இருந்த பேர் ஒன்றுதான் இருந்தது. சொல்லிப் பார்த்தேன், கெஞ்சினேன், கத்தினேன். மனுசன் கல்லைத் துடைப்பதும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதுமாக இருந்தார்.

மறுநாள் ஞாயிறு. கோபம் தலைக்கேறிய நிலையிலேயே வெள்ளைக்கல்லை இடிக்க உட்கார்ந்தேன். ஓங்கிப் போட்ட போட்டில் கல் இரண்டாகப் பிளந்தது. உள்ளே பார்த்தால் கண்ணாடி உடைந்தது போலப் பளபளப்பு. வெளியே இருந்த அழுக்கும் மங்கலும் உள்ளே இல்லை. எனக்குப் பொறி தட்டியது. அவர் கல்லின் பளபளப்பும் இதேதானே! சிமினியை எடுத்து வந்தேன்.

"ஏங்க, இங்க வாங்க. எங்கிட்டயும் ஒரு வைரம் இருக்கு."

கீறினேன். அவர் போட்ட கோட்டுக்குப் பக்கத்தில் அச்சு அசலாக இன்னொரு கோடு.

முகம் மாறியது. ஆனாலும் விடுவாரா? "இது மங்கலா இருக்கு. அது தண்ணியாட்டம் இருக்கு. ரெண்டும் எப்புடி ஒண்ணாகும்?"

"சரி. வைரத்த வெள்ளக்கல்லு கீறுமா? நீங்களே சொல்லுங்க."

"கீறாது."

"அப்பக் குடுங்க."

கொடுத்தார். யோசிக்காமல் கல்லோடு கையை நீட்டினாரே, அதை நினைத்தால் இன்றைக்கும் மனசைப் பிசைகிறது. கல்லைத் தரையில் வைத்து, வழவழப்பான ஒரு பட்டையில் வெள்ளைக்கல்லின் கூர்முனையை ஊன்றி, உடம்பின் பாரம் முழுவதையும் கொடுத்து இழுத்தேன். பொடியை முந்தானையால் துடைத்தேன். கோடு விழுந்திருந்தது. அவர் விரலால் தடவினார். நகத்தை ஓட்டிப் பார்த்தார். நகம் கோட்டில் தட்டி நின்றது. எழுந்து வெளியே போனார்.

ஜெயித்தது நான்தான், ஆனால் சோறு இறங்கவில்லை. நம்பினாரா, இல்லை வீம்புக்காகவே பேரை வெட்டிவிடுவாரா என்றும் தெரியவில்லை.

திங்கட்கிழமை பெரட்டில் பெண்கள் வரிசையில் நின்றேன். கணக்கப்பிள்ளை ஆண்கள் பேரைக் கூப்பிட்டுக்கொண்டு வந்தார். இவர் பேர் வந்தது. பதில் இல்லை. இரண்டாம் தரம் கூப்பிட்டார்.

"இருக்கேனுங்க."

அப்பாடா என்று மூச்சு விட்டேன். விட்ட மூச்சு முடிவதற்குள் மனுசன் வரிசையை விட்டு முன்னால் நடந்தார். "ஐயா, ஒரு விசயங்க."

போச்சு, எல்லாம் போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"வீட்டுப் பொம்பளைக்குக் கூடைக் கயிறு அறுத்து உச்சந்தல புண்ணாக் கெடக்குங்க. மயிரும் கொட்டிப்போச்சு. ஸ்டோருக்குள்ள ஒக்காந்து தேயில பொறுக்குற வேலைக்கு மாத்திவிட முடியுங்களா?"

முழுப் பெரட்டும் சிரித்தது. பெண்டாட்டி தலைக்காக வாய் திறந்த ஆண்பிள்ளையை அங்கே அதுவரை யாரும் பார்த்ததில்லை.

"கொழுந்துக்கே ஆள் பத்தல. போய்யா, போய் வேலயப் பாரு" என்றார் கணக்கப்பிள்ளை.

அவர் தலையைக் குனிந்துகொண்டு வரிசைக்குத் திரும்பினார். அந்தப் புண்ணைப் பற்றி நான் அவரிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. தலைத்துணியை இழுத்து மூடியே வைத்திருந்தேன். வைரம் என்று நம்பியதும், இனிமேல் மலைக்குப் போக வேண்டாம் என்று அவர் சொன்னது இந்தப் புண்ணுக்காகத்தான். அந்த ஆசையின் மேல்தான் நான் உடம்பின் பாரத்தையெல்லாம் கொடுத்துக் கோடு கிழித்திருக்கிறேன்.

கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு மலைக்கு ஏறினேன். கயிறு அதே இடத்தில்தான் அழுத்தியது, வலிக்கவும் செய்தது. நாள் முழுக்க அழுதுகொண்டே கொழுந்தெடுத்தேன். கேட்டவர்களிடம் பனி கண்ணை உறுத்துகிறது என்றேன்.