ஆரத்துக்கு ஆரம்

பேத்தி காம்பஸை விரித்தபடியே, "தாத்தா, ரேடியஸ் செவன். சர்கம்ஃபரன்ஸ் எவ்வளவு?" என்றாள்.

"ஆரம் ஏழா?"

"ஆரமா? அது நகையில்ல?" என்று சிரித்தாள்.

எனக்கு உடனே இடது காது வலித்தது. ஐம்பதுகளில், போடியில், எட்டாம் வகுப்புக் கணக்கு வாத்தியார் திருகிய காது அது. எலிமெண்டரி பள்ளிக்கூடத்திலேயே அப்போது எட்டு வரை உண்டு.

"ஆரம் ஏழு அங்குலம். சுற்றளவு என்னடா?"

"ஏழு சார்."

"எப்படிரா?"

"ஆரம் கழுத்தைச் சுத்தித்தான சார் கெடக்கும்?"

அதோடு விட்டாரா? "விட்டத்தையாவது காட்டு" என்றார். நான் அண்ணாந்து கூரை மரத்தைக் காட்டினேன். அதில் ஒரு பல்லி வேறு இருந்தது. வகுப்பே சிரித்தது. சிரிக்காதவள் என் அக்கா மட்டும்தான். மலைக்காய்ச்சலில் இரண்டு வருஷப் படிப்பு போய், என் வகுப்பிலேயே இருந்தாள். கணக்கில் புலி. எட்டு முடித்து டீச்சர் டிரெயினிங் போக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

என் மேல் என்ன தப்பு, நீங்களே சொல்லுங்கள். அப்போது வீட்டில் எந்நேரமும் ஆரம் பேச்சுத்தான். அப்பாவுக்கு ஏலக்காய் வியாபாரம். போடிமெட்டிலிருந்து லோடு இறங்கினால் உடுத்துகிற துணிகூட மணக்கும். அந்த மணத்துக்கு நடுவே அம்மா, "ஆரம் எப்ப வருது?" என்பாள். "ஆசாரி நாளைக்குங்கிறான்" என்பார் அப்பா. யாருக்கு, எதற்கு என்று என்னிடம் சொல்வார் இல்லை. பக்கத்து ஊரான தேவாரத்திலிருந்து யாரோ வந்து காபி குடித்துவிட்டுப் போனார்கள். அதற்கும் இதற்கும் முடிச்சுப் போட எனக்குத் தெரியவில்லை.

ஆரம் வந்தது. அக்கா கழுத்தில் போட்டு அழகு பார்த்துவிட்டு அம்மா அடுப்படிக்குப் போனாள். அக்கா அதைக் கழற்றித் தரையில் வட்டமாக வைத்தாள். விளக்குமாற்றில் ஈர்க்குச்சி ஒன்றை உருவி, நடுவிலிருந்து ஓரம் வரைக்கும் அளந்து ஒடித்தாள்.

"இங்க பாருடா. சுத்தி இருக்குல்ல, இது சுற்றளவு. இந்தக் குச்சிதான் ஆரம்."

"அப்ப இந்த ஆரம்?"

"இந்த ஆரத்துக்கு ஆரம் இந்தக் குச்சி. இதை ரெண்டு மடங்காக்கி, இருபத்திரண்டால பெருக்கி, ஏழால வகு. வெரசா படிச்சுக்க. இனிமே நான் பக்கத்துல இருக்க மாட்டேன்."

"எங்கக்கா போற?"

"தேவாரத்துக்கு. கட்டிக் குடுக்கப் போறாக. படிச்சது போதும்னுட்டாரு அப்பா."

சொல்லும்போதே குச்சி அவள் விரலில் முறிந்தது. பொலபொலவென்று அழுதாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. புது நகை வந்தால் சந்தோஷப்பட வேண்டாமா?

"குச்சி ஒடிஞ்சதுக்கா அழுவுற? வேற கொண்டாரவா?" என்றேன்.

பரீட்சையில் அதே கணக்கு வந்தது. நாற்பத்து நான்கு என்று எழுதி, மக்குப் பிள்ளையான நான் தேறினேன். அக்கா பரீட்சைக்கு வரவில்லை. பெண்கள் பெஞ்சின் ஓரத்தில் அவள் இடம் காலியாகக் கிடந்தது.

அந்தப் பள்ளிக்கூடத்தில் இப்போது விட்டமும் இல்லை, பல்லியும் இல்லை. காங்கிரீட் போட்டுவிட்டார்கள். ஆரத்தை அக்கா மகள் அழித்து வளையலாக்கிக்கொண்டாள். அக்காவும் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

"நாற்பத்து நாலு" என்றேன் பேத்தியிடம்.

"கரெக்ட் தாத்தா! யாரு சொல்லிக்குடுத்தா?"

"எங்க டீச்சர்" என்றேன்.